நாயைக் காணோம் என்றாலே திருட்டுதானா?

கேள்வி, 07.09.2025

மதுரை, திருநகர் பக்கம். எங்கள் ஏரியாவில் இரண்டு மாதத்தில் மூன்று நாய்களைக் காணவில்லை. ஒரு லேப், ஒரு பொமரேனியன், ஒரு நாட்டு நாய். மூன்றையும் பைக்கில் வந்து தூக்கிவிட்டார்கள் என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. என்னிடம் எட்டு மாத சிப்பிப்பாறை இருக்கிறது. ஒரு வாரமாக ராத்திரி மொட்டைமாடி அறையில் போட்டுப் பூட்டுகிறேன். விடிய விடிய ஊளையிடுகிறது. நாய் திருட்டு நிஜமாகவே இவ்வளவு நடக்கிறதா, இல்லை நாமாகவே பயந்து சாகிறோமா? அனுபவம் உள்ளவர்கள் மட்டும் சொல்லவும்.

பதில், 07.09.2025, இரவு

நடக்கிறது. என் நாயையே தூக்கினார்கள். 2023 ஜூன், விருதுநகர். ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தது.

ஆனால் உங்கள் தெருவில் போன மூன்றும் திருட்டு என்று யார் பார்த்தார்கள்? நாட்டு நாயை யார் திருடுவார்? முதலில் அந்த மொட்டைமாடி அறையைத் திறந்துவிடுங்கள். எட்டு மாதக் குட்டி இப்படியே ஊளையிட்டால் பக்கத்து வீட்டுக்காரரே திருடிக்கொண்டு போய்த் திருமங்கலம் தாண்டி விட்டுவிட்டு வருவார்.

08.09.2025

விவரம் கேட்டவர்களுக்கு.

என் நாய் பெயர் சங்கு, ராஜபாளையம் இனப் பொட்டை. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அப்போது ஒன்றரை வயது. காலையில் வாசல் தெளிக்கக் கேட்டைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, மோட்டார் போட உள்ளே போனேன். நான்கு நிமிஷம் இருக்கும். வந்து பார்த்தால் வாளி இருக்கிறது, நாய் இல்லை.

எதிர்வீட்டுக் கேமராவில் தெரிந்தது. ஒரு பைக், இரண்டு பேர். பின்னால் இருந்தவன் இறங்கி, சட்டைப் பையிலிருந்து பொறையை எடுத்து நீட்டினான். இவள் வாலாட்டிக்கொண்டே போனாள். எங்கள் பக்கம் ஆடு திருடுகிறவர்கள் கொண்டுபோவார்களே, அதே மாதிரி இரண்டு பேருக்கும் நடுவே கிடத்தி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி எண் தெரியவில்லை, முகமும் சரியாகத் தெரியவில்லை. துண்டு மட்டும் நன்றாகத் தெரிந்தது, பச்சைக் கட்டம் போட்டது. ராஜபாளையம் என்றால் வேற்றாளை அண்ட விடாது என்பார்கள். எங்கள் சங்குவுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

நோட்டீஸ் 500 அடித்தேன். கண்டுபிடித்துத் தந்தால் 10,000 ரூபாய் என்று போட்டேன். அது தப்பு. தொகையைப் போட்ட அன்று மட்டும் பதினேழு அழைப்பு. "உங்க நாய் எங்கிட்டதான் இருக்கு, வேன் வாடகைக்கு ஜிபே பண்ணுங்க" என்று ஒருவர். போட்டோ அனுப்பச் சொன்னால் என் நோட்டீஸில் இருந்த போட்டோவையே திருப்பி அனுப்புகிறார். சிரிக்காதீர்கள், அப்படிப்பட்ட இன்னொருவருக்கு நான் 1,500 அனுப்பினேன். அன்று எனக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

ஒன்பதாம் நாள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடமிருந்து போன். ஒருவர் புதிதாக வாங்கிய வெள்ளை நாயைக் கொண்டுவந்திருக்கிறார், "கூப்பிட்டா திரும்பியே பார்க்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்கிறார் என்று. டாக்டர் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். அசையவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த என் நோட்டீஸில் "காது கேட்காது, இடது முன்னங்காலில் தழும்பு" என்று போட்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

08.09.2025, சிறிது நேரம் கழித்து

ஆமாம், பிறவிச் செவிடு. இல்லை, அது தெரிந்து சங்கு என்று பெயர் வைக்கவில்லை! வெள்ளையாக இருந்தாள், வைத்தேன். இரண்டு மாதம் சங்கு சங்கு என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதைச் சொல்லாத சொந்தக்காரர் பாக்கி இல்லை. புதிதாகச் சொல்ல இங்கே யாரும் முயல வேண்டாம்.

ராஜபாளையத்தில் இது நிறைய உண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருவது. காதின் உள்ளே இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போனால் கேட்கும் சக்தியும் போய்விடும். குட்டி வாங்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள்.

10.09.2025

போலீஸில் என்ன செய்தார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ரைட்டர் கேட்ட முதல் கேள்வி: "நாய்க்கு பில் இருக்காம்மா?" இரண்டாவது: "வெள்ளை நாய்ங்கிறீங்க, ராஜபாளையம் எல்லாமே வெள்ளைதானே, உங்களுதுன்னு எப்படிச் சொல்வீங்க?" எனக்கு அன்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது யோசித்தால் அந்த இரண்டாவது கேள்வி நியாயமானது. என் போனில் இருந்த ஐந்நூறு போட்டோவில் அந்தத் தழும்பு தெரியும்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் அவள் தூங்குவது.

எஃப்.ஐ.ஆர். போடவில்லை. புகார் வந்தது என்று பதிந்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தந்தார்கள்.

ஆனால் சட்டத்தில் இது இல்லாமல் இல்லை. வக்கீலுக்குப் படித்த தம்பி சொல்லித்தான் தெரியும். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 378. திருட்டு என்றால் என்ன என்று விளக்க உதாரணங்கள் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது உதாரணமே நாய்தான். ஒருவன் நாய்க்கு ஆசை காட்டும் தீனியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொருவரின் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான். நேர்மையில்லாத எண்ணத்தோடு அதைச் செய்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய நிமிஷத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது. பைக்கில் ஏற்றவே வேண்டாம்! தம்பி அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அந்தப் பொறைதான் கண்ணில் வந்தது. நூற்றறுபது வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள், பொறை உட்பட.

தண்டனை 379-இன்படி மூன்று வருஷம் வரை.

13.09.2025

மேலே எழுதியதில் திருத்தம். மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டீர்கள், சரி.

378, 379 எல்லாம் பழைய கதை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாதான். திருட்டு இப்போது பிரிவு 303. நாய் உதாரணம் அப்படியே இருக்கிறது, கவலை வேண்டாம். வீட்டுக்குள் புகுந்து தூக்கினால் பிரிவு 305, ஏழு வருஷம் வரை.

புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அதுதான் நமக்கு வினை. திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, ஆளும் முதல் முறை மாட்டுகிறவன், பொருளைத் திருப்பியும் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகை வழக்கில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்கவும் முடியாது.

இப்போது சொல்லுங்கள், உங்கள் நாயின் மதிப்பு என்ன? நான் சங்குவை 4,000 ரூபாய்க்கு வாங்கினேன், பில் கிடையாது. ஊரிலேயே எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு மதிப்பு பூஜ்யம். அந்த ரைட்டர் பில் கேட்டதை அன்று கிண்டல் என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த பில்தான் எல்லாம். குட்டி வாங்கும்போது கையால் எழுதிய சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள், விலை, தேதி, அடையாளத்தோடு. தடுப்பூசி அட்டையில் உங்கள் பெயரும் நாயின் அடையாளமும் இருக்கட்டும். என் அட்டையில் "சங்கு, வெள்ளை" என்று மட்டும் இருந்தது. அதை வைத்து ஒரு பசுவைக்கூட உரிமை கொண்டாடலாம்.

14.09.2025

சிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியுமா என்று கேட்டவருக்கு: தெரியாது. நாயின் தோலுக்கு அடியில் வைக்கிற, அரிசி அளவு ஒரு பொருள், உள்ளே பேட்டரி கிடையாது, 15 இலக்க எண் மட்டும் இருக்கும். யாராவது அதைப் படிக்கும் கருவியைத் தோள்பட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எண் வரும். பார்த்தாலும், அந்த எண் யார் பேரில் எங்கே பதிவாகியிருக்கிறது என்பது அடுத்த தலைவலி. ஆனாலும் போடுங்கள். "இது என் நாய்" என்று நிரூபிக்க அதைவிட நல்ல பில் இல்லை.

ஜி.பி.எஸ். பட்டை நல்லதுதான். திருடன் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். சங்குவின் பட்டை எங்கள் தெரு முனைச் சாக்கடையில் கிடந்தது.

20.09.2025

கேள்வி கேட்டவர் எத்தனை நடக்கிறது என்றுதானே கேட்டார், நாம் எங்கெங்கோ போய்விட்டோம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் திருட்டுப் போன பொருள்களைத் தரம் பிரித்து அச்சடிக்கிறது. வாகனத்துக்கு வரிசை உண்டு, கால்நடைக்கு வரிசை உண்டு. நாய்க்கென்று வரிசை இல்லை. என் சி.எஸ்.ஆர். போல எஃப்.ஐ.ஆர். ஆகாமல் போனது அதற்குள் வரவே வராது. ஆக நம் ஊரில் எண்ணிக்கை சொல்கிறவர் யாராக இருந்தாலும் குருட்டாம்போக்கில் சொல்கிறார்.

எண்ணிப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. என் பெரியம்மா மகள் லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கிறாள். கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது அங்கே நாய்க்குட்டி விலை எகிறியது, கூடவே திருட்டுப் பயமும். வாசலில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள், கேட்டில் கேபிள் டை கட்டி அடையாளம் வைக்கிறார்கள் என்று தினமும் ஒரு செய்தி அனுப்புவாள். நாயை நடக்கக் கூட்டிப்போகும்போது விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாளாம். அரசாங்கம் 2021-இல் இதற்கென்றே ஒரு குழு போட்டது. அவர்கள் சொன்ன கணக்கு, 2020-இல் போலீஸுக்கு வந்த நாய் திருட்டுப் புகார் சுமார் 2,000. அந்த நாட்டில் நாய்கள் ஒரு கோடிக்குக் குறையாது. ஐயாயிரம் நாயில் ஒன்று.

இதை அவளுக்குக் கணக்குப் போட்டு அனுப்பினேன். "உன் நாய் போன அன்னிக்கு இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?" என்று பதில் வந்தது. போனை உடைத்திருப்பேன்.

அங்கே முன்பெல்லாம் நாயும் செல்போனும் ஒன்று, 1968-ஆம் வருஷத் திருட்டுச் சட்டத்தின்படி இரண்டும் சொத்து. 2024-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நாய், பூனையைக் கடத்தினால் ஐந்து வருஷம் வரை என்று ஆக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயரே கடத்தல்தான், திருட்டு இல்லை. நம் ஊரில் பில் கேட்கிறார்கள்.

21.09.2025

"பிரியாணிக்குத்தான் பிடிக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தார்கள். நாய்க்கறி என்று தமிழ்நாடு முழுக்கத் தீயாகப் பரவியது. மாமிசக் கடைக்காரர்களும் பிரியாணிக் கடைக்காரர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்துவிட்டு ஆட்டிறைச்சி என்று சொன்னார்கள். அந்தச் செய்தியை யாரும் பார்வர்ட் செய்யவில்லை. இன்னும் அந்த நாய்க்கறிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

28.09.2025

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் "தெரிஞ்சவன்தான் எடுத்திருப்பான், பால்காரன், பேப்பர்காரன் மேல ஒரு கண் வைங்க" என்று வரிசையாக எழுதுவதைப் பார்த்து மனசு கேட்கவில்லை.

எங்கள் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கரிசல் காடு. அப்பாவிடம் ஒரு கன்னி நாய் இருந்தது, கருப்பன். உடம்பெல்லாம் கறுப்பு, கால்களில் செம்பழுப்பு. பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அங்கே போய் ஒரு பித்தளை வில்லையில் தன் பெயரின் முதலெழுத்துகளை வெட்டி அதன் கழுத்தில் மாட்டியிருந்தார். 2009 தை மாதம் ஒரு ராத்திரி அவிழ்த்துவிட்ட நாய் காலையில் வரவில்லை.

கீழத்தெருவில் பால்காரர் வீட்டுப் பையன் ஒருவன் கருப்பனைக் குட்டியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். "மாமா, எனக்குக் குடுங்க, நான் வளர்க்கிறேன்" என்பான். அது போதும் அப்பாவுக்கு. போலீஸுக்குப் போகவில்லை, நேராகக் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தினார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரில் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். அந்தப் பையனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது இருக்கும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது ஞாபகம் இருக்கும். மறு வருஷக் கோடையில் எங்கள் பக்கம் வற்றிய கிணறுகளையெல்லாம் தூர்வாரி ஆழப்படுத்தினார்கள். எங்கள் புஞ்சைக்கு மேற்கே ஒரு தரைமட்டக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது, யாரும் புழங்குவதில்லை. அதன் சேற்றில் பித்தளை வில்லை கிடைத்தது.

அப்பா அதை வாங்கிக் கழுவினார். புளி போட்டுத் துலக்கினார், எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பரணில் வைத்துவிட்டார். கீழத்தெருவுக்குப் போவார் என்று அம்மா இரண்டு நாள் எதிர்பார்த்தார். போகவில்லை. 2020-இல் அப்பா இறந்தார். துக்கத்துக்கு அந்தப் பையன் வந்திருந்தான், பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனான்.

28.09.2025, இரவு

அப்பா செய்தது தப்பு என்று எழுதிவிட்டு நான் நல்லவள் மாதிரி உட்கார்ந்திருப்பது சரியில்லை. சங்கு போன ஒன்பது நாளும் எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவரின் தங்கை மகனைத்தான் நான் சந்தேகப்பட்டேன். ஏன்? அவன் பைக்கும் கறுப்பு. ஒரு பச்சைத் துண்டு அவனிடம் இருந்தது. விருதுநகரில் பச்சைத் துண்டு எத்தனை பேரிடம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

வாயைத் திறந்து சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் ஒன்பது நாள் துணி கொடுக்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

02.10.2025

என்னையே மறுத்துக்கொள்கிறேன். நானும் இதுவரை "தெரிந்தவன்தான் எடுப்பான்" கட்சிதான். என் வழக்கையே வைத்து யோசித்தால் நிற்கவில்லை. எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் சங்கு செவிடு என்று தெரியும், அந்தச் சங்கு ஜோக்கைச் சொல்லாதவர் தெருவில் இல்லை. செவிட்டு நாய்க்கு விலை கிடையாது. தெரிந்தவன் தூக்கியிருக்கவே மாட்டான். யாரோ போகிற போக்கில் பார்த்திருக்கிறான், திறந்த கேட், வெள்ளைப் பொட்டை, அவ்வளவுதான்.

எதற்குத் தூக்குகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குட்டிக்கு. 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் போட்டபோது எங்கள் ஊரில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் மனதின் குரல் நிகழ்ச்சியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதற்குப் பிறகு என் சித்தப்பா வீட்டுக்கு, அங்கே குட்டி இருக்கிறதா என்று கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் கார் வந்தது. நாட்டு இனம் பிழைத்தது நல்லதுதான். இலவசமாகக் கிடைத்ததற்கு விலை வந்தால் கள்ளனும் வருவான்.

சட்டப்படி குட்டி போட்டு விற்கிறவர்கள் 2017 விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, சிப்பும் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் வாங்குகிறவர் கேட்க ஆரம்பித்தாலே பாதித் தரகர்கள் ஓடிவிடுவார்கள். நான் சங்குவை வாங்கும்போது கேட்டேனா? கேட்கவில்லை.

கருத்தடை செய்துவிட்டேன். கேட்டில் அதையே எழுதிப் போட்டிருக்கிறேன்: "கருத்தடை செய்த நாய், காது கேட்காது." மாமியார் படித்துவிட்டு, "கல்யாணத் தரகர் கிட்ட உண்மையைச் சொன்ன மாதிரி இருக்கு" என்றார்.

03.10.2025

கோவில்பட்டியில் வாங்கியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். அவர் தரகரிடம் 8,000 கொடுத்து வாங்கியிருந்தார். தரகர் போன் அதற்குப் பிறகு அணைந்தே கிடந்தது. திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது என்று தம்பி சொன்னான். அவரும் தகராறு செய்யவில்லை. ஆனால் அவருடைய சின்ன மகள் ஆஸ்பத்திரி வாசலில் சங்குவின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது நாளில் எட்டு நாள் அவளோடுதான் படுத்திருக்கிறது. நாய் என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தது, அப்புறம் திரும்பி அவளிடம் போனது. மறுபடி வந்தது.

சாப்பாட்டுச் செலவு என்று சொல்லி அவர் கையில் 3,000 திணித்துவிட்டு வந்தேன். "நீங்களே திருட்டுச் சந்தையை வளர்க்கிறீர்கள்" என்று இங்கே ஒருவர் திட்டுவார், தெரியும். திட்டுங்கள்.

21.10.2025

நேற்று தீபாவளி. இன்று காலை மட்டும் எங்கள் ஊர் குரூப்புகளில் "நாயைக் காணோம்" பதினொன்று. இதில் ஒன்றையும் யாரும் திருடவில்லை, வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியவை. மிரண்ட நாய் கண்மண் தெரியாமல் ஓடும், பழக்கமான குரலுக்குக்கூட நிற்காமல் போகலாம். எங்காவது வேன் அடியிலோ பாலத்துக்கு அடியிலோ பதுங்கியிருக்கும். ராத்திரி சத்தம் அடங்கினதும், நீங்கள் உடுத்தின துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, நாய் ஓடின பாதையிலேயே போய் உட்காருங்கள், துரத்தாதீர்கள்.

திருநகர்க்காரரே, உங்கள் தெருவில் போன மூன்றில் அந்த லேப் எந்தத் தேதியில் போனது? அன்று பக்கத்தில் கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம் ஏதாவது?

எங்கள் சங்கு? ஊரே வெடித்தது, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

22.10.2025

பதில் வந்துவிட்டது. லேப் போன அன்று எதிர்த் தெருவில் மண்டபத் திறப்பு விழாவாம், பத்தாயிரம் வாலா. நாட்டு நாய் தானாகவே திரும்பி வந்துவிட்டது, வந்ததை யாரும் குரூப்பில் போடவில்லை. பொமரேனியன் மட்டும் கணக்கில் இல்லை. அது திருட்டாகவும் இருக்கலாம்.

மொட்டைமாடி அறையைத் திறந்துவிட்டாராம். சிப்பிப்பாறை இப்போது அவர் கட்டிலில்.

23.11.2025

பயம் இப்போது பைக்கிலிருந்து வேனுக்கு மாறிவிட்டது. தெரு நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது, அப்புறம் நவம்பர் 7-இல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றச் சொன்னது, எல்லாம் கலந்து "வீட்டு நாயையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள்" என்று வதந்தி. சென்னையில் இருப்பவர்கள் முதலில் மாநகராட்சி உரிமத்தை எடுங்கள். 50 ரூபாய்தான், இல்லாவிட்டால் 5,000 அபராதம் என்று அறிவித்திருக்கிறார்கள். உரிமத்துக்குச் சிப்பும் கேட்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்தாவது நம் ஆட்கள் ஒரு காகிதம் வைத்துக்கொண்டால் சரி. கழுத்துப் பட்டையில் பெயரை எழுத வேண்டாம், போன் எண் போதும். பெயர் தெரிந்தால் திருடனுக்குக் கூப்பிட வசதி. சங்குவைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும், அது வேறு.

18.01.2026

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகும்போதே முடிவு செய்துகொண்டு போனேன், கீழத்தெருவுக்குப் போவது என்று. பையில் அந்தப் பித்தளை வில்லை.

பையன் என்று இங்கே எழுதிவிட்டேன், இப்போது முப்பத்து மூன்று வயது ஆள். பஸ் நிறுத்தத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை, கூடவே ஆவின் பால். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான், "அக்கா, சங்கு எப்படி இருக்கு?" சங்குவை உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "உங்க நோட்டீஸை நான்தானக்கா சாத்தூர், கோவில்பட்டி குரூப்பு எல்லாத்துலயும் போட்டேன். கடைக்கு வர்றவங்க போனுக்கெல்லாம் அனுப்பினேன். கிடைச்சதுன்னு கேள்விப்பட்டேன்."

அந்த டாக்டர் எந்தக் குரூப்பில் பார்த்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

வில்லையை எடுத்து மேஜையில் வைத்தேன். அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், நினைத்துப் போனது எதுவும் வரவில்லை. அவன் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கிணத்துல கிடைச்சது தெரியும்க்கா, தூர்வாரின ஆள் அன்னிக்கே வந்து சொல்லிட்டார்" என்றான். டீ சொன்னான். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், நீ இப்போ நாய் வளர்க்கிறியா என்று கேட்டுவைத்தேன்.

"இல்லக்கா, அப்பவே விட்டுட்டேன்" என்று சிரித்தான். "எதுக்கு வம்பு."